சாகப்போகிறவருக்குக் கொடுத்த மன்னிப்பு

சாகிற வீட்டை நடத்திக் கொடுப்பதில் எங்கள் போதகரை அடித்துக்கொள்ள ஆளில்லை. திருமணம், புதுவீட்டு ஜெபம் போன்றவற்றில் கொஞ்சம் சொதப்புவார். மணப்பெண்ணின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டுச் சிரித்துச் சமாளிப்பார். ஆனால் ஒருவர் கடைசி மூச்சில் கிடக்கிறார் என்று தெரிந்தால் போதும், ஆளே வேறாகிவிடுவார். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து, கதவருகே நின்று முதலில் அறையைக் கண்ணால் அளப்பார். ஜன்னலைத் திறக்கச் சொல்வார். மருந்துப் பாட்டில்களை ஒதுக்கச் சொல்வார். பிறகு, "இவரால மனசு நொந்தவங்க யார் யார் இருக்கீங்களோ, வரிசையா வாங்க" என்பார்.

இதற்குச் சபையில் 'ஒப்புரவு வரிசை' என்று பெயர். வேறெந்தச் சபையிலும் இது கிடையாது. எங்கள் போதகரே யோசித்து உண்டாக்கியது. கிடப்பவரின் கையை ஒவ்வொருவராகப் பிடித்து, "மன்னிச்சிட்டேன்" என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். மனசுக்குள் சொன்னால் செல்லாது. சொல்லி முடித்தவர்கள் பக்கத்து அறைக்குப் போய்த் தேநீர் குடிக்கலாம். வரிசையில் நின்று மன்னிக்காமல் திரும்பியவர் என்று இதுவரை ஒருவரும் இல்லை. அதில் ஒரு வசதி இருந்தது. மன்னிக்கப்பட்டவர் இரண்டொரு நாளில் போய்ச் சேர்ந்துவிடுவார். மன்னித்தவர்களுக்கு அதற்குமேல் வேலை இருக்காது.

ரொட்டிக்கடை முதலாளிக்கு அந்த வரிசை அறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வாசலுக்கு வெளியே போனது. ஆச்சரியமில்லை. கடை ஆட்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'அனல்'. அடுப்பிடம் போனாலும் சுடும், இவரிடம் போனாலும் சுடும். அடுப்பையாவது அணைக்கலாம் என்பார்கள். ரொட்டி தள்ளும் துடுப்பால் முதுகில் வாங்கியவர் வந்திருந்தார். கேக்கில் பெயரைத் தப்பாக எழுதியதற்காக அந்தக் கேக்கையே முகத்தில் வாங்கியவரும் வந்திருந்தார். மாவு மில்காரர், பக்கத்துக் கடைக்காரர், பக்கத்துக் கடைக்காரரின் மனைவி என்று கூட்டம் நின்றது. முதலாளியின் மூத்த மகள் நின்று எல்லோரையும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி. அப்பாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட அன்று காலையே கொடுத்துவிட்டாள். பிறந்த வருடத்தை எழுதி, ஒரு கோடு இழுத்து, அடுத்த இடத்தை மட்டும் காலியாக விடச் சொல்லியிருந்தாள்.

வரிசை தொடங்குவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அதுவரை சபைப் பக்கமே வராத முதலாளி, போதகரின் கோட்டைப் பிடித்து இழுத்து, "என்னை மாதிரி ஆளை ஆண்டவர் ஏத்துக்குவாரா?" என்று கேட்டார்.

"கிருபைக்கு ஆள் பார்க்கத் தெரியாது ஐயா. நல்லவனாகிட்டு வான்னு அது சொல்றதில்லை. வா, அவ்வளவுதான்."

"நான் எதுவும் செய்ய வேண்டாமா?"

"நீங்க செய்யறதுக்கு ஒண்ணுமில்லை. எல்லாம் செஞ்சு முடிச்சாச்சு. கையை நீட்டி வாங்கிக்கிறதுதான்."

முதலாளி குழந்தை மாதிரி அழுதார். போதகர் மேசை மேலிருந்த தம்ளர் தண்ணீரால் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த அழுகை நடிப்பில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் சந்தேகம் வரக்கூடாது.

வரிசையில் கடைசியாக நின்றது மருமகள். அவளுக்கு முன்னால் நின்றது அவள் கணவன், முதலாளியின் ஒரே மகன். அவன் அப்பாவின் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, "அப்பா" என்று மட்டும் சொன்னான். விதிப்படி அது போதாது. ஆனால் போதகர் விட்டுவிட்டார். அவனுடைய வலது கையில் மூன்று விரல்கள் கிடையாது.

அந்த விரல்களை எடுத்துக்கொண்டது கடையில் மாவு பிசைகிற மெஷின். அதன் வாய்க்கு மேலே கம்பி மூடி ஒன்று உண்டு. மூடியைத் திறந்தால் மெஷின் நின்றுவிடும். தண்ணீர் ஊற்றும்போதும் மாவை வழிக்கும்போதும் நின்று நின்று ஓடும். ஒருமுறை பெரிய ஆர்டர் ஒன்று வந்தபோது முதலாளிக்கு அது பொறுக்கவில்லை. மூடியைத் தன் கையாலேயே கழற்றி மூலையில் சாத்தினார். அன்று மதியமே மகனின் கை உள்ளே போனது. விசாரிக்க அதிகாரி வந்தார். மூடி எங்கே என்று கேட்டால் கடைக்குச் சீல் விழும். முதலாளி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "பையன் குடிச்சிருந்தான், அவனே கழட்டிட்டான்." மகன் அப்போது மயக்கத்தில் இருந்தான். தெளிந்த பிறகு மறுத்திருக்கலாம். கடையில் இருபது குடும்பம் சாப்பிடுகிறது என்று நினைத்தானோ, அப்பாதானே என்று நினைத்தானோ, மறுக்கவில்லை. சபைக்காரர்கள் அவனை ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லிக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். பாட்டுக் குழுவிலிருந்தும் எடுத்தார்கள். இப்போது அவன் வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் வாசல் காவலன். அவனுடைய பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருநாள் வந்து, "அப்பா, நீங்க குடிகாரரா இருந்தீங்களாமே?" என்று கேட்டதற்கு, "சாப்பிட்டியா?" என்று பதில் சொன்னான்.

இதெல்லாம் மருமகளுக்குத் தெரியும். அன்று ஆஸ்பத்திரியில் அவன் சட்டையைக் கழற்றியது அவள்தான். சட்டையில் ரத்த வாடையும் ஈஸ்ட் வாடையும் இருந்தன. வேறெந்த வாடையும் இல்லை.

அவள் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போதகர் மெல்லத் தொண்டையைச் செருமினார். போகிற மனிதர், இவரோடு இதுவும் போகட்டும் என்று நினைத்து, "மன்னிச்சிட்டேன் மாமா" என்றாள். தேநீர் குடிக்கப் போனாள்.

முதலாளி சாகவில்லை.

புது டாக்டர் ஒருவர் வந்து, பழைய டாக்டர் எழுதிய மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினார். முதலாளி எழுந்து உட்கார்ந்து சூப் கேட்டார். மூன்றாம் நாள் எழுந்தார் என்று போதகர் பிரசங்கத்தில் சொன்னார். உண்மையில் நான்காம் நாள். மூத்த மகள் சட்டம் போட்ட படத்தை என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்தாள்.

கடையில் பெரிய குழப்பம்.

"செத்துடுவார்னுதானேப்பா சொன்னாங்க" என்றார் துடுப்படி வாங்கியவர்.

"நான் ரெண்டு தடவை மன்னிச்சேன். முதல் தடவை அவர் காதுல விழலைன்னு பாஸ்டர் திரும்பச் சொல்லச் சொன்னாரு" என்றார் முகத்தில் கேக் வாங்கியவர். "இப்ப ஒண்ணைத் திருப்பி வாங்கிக்கலாமா?"

"கேட்டுப் பாரு. திருப்பி அடிச்சாலும் அடிப்பாரு."

ஆனால் முதலாளி அடிக்கவில்லை. அதுதான் எல்லோரையும் இன்னும் குழப்பியது. ஆட்களை 'தம்பி' என்று கூப்பிட்டார். அடுப்பு பக்கத்தில் நின்றுகொண்டு சுதியில்லாமல் பாட்டுப் பாடினார். ஒரு கேக்கில் மறுபடி பெயர் தப்பாகிப்போனபோது, ஆட்கள் எல்லாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க, "பரவாயில்லப்பா. புதுப் பேரு நல்லாத்தான் இருக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். கடைசி பெஞ்சில் மகன் உட்கார்ந்தான். இடையிலே சபை முழுவதும் உட்கார்ந்து சந்தோஷப்பட்டது.

போதகருக்கும் நல்ல காலம். வெளிச்சபைகளிலிருந்து அழைப்பு வந்தது. போகிற இடமெல்லாம் முதலாளியைக் கூட்டிப்போனார். முதலாளி மைக்கைப் பிடித்து, "நான் பெரிய பாவி" என்பார். என்ன பாவம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். 'பெரிய' என்று சொல்லியாகிவிட்டதே, அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை.

சந்தோஷமாயில்லாத ஒரே ஆள் மருமகள். மாமனாருக்கு வேளாவேளைக்கு மருந்து கொடுத்தாள், கஞ்சி கொடுத்தாள். அவர் பாடிக்கொண்டே குடிக்கும்போது பாத்திரம் கழுவப் போய்விடுவாள். கெட்டவராக இருந்தபோது அவரை வெறுப்பது சுலபமாக இருந்தது. இப்போது அந்தச் சுலபமும் போய்விட்டது. ராத்திரி மகளை ஜெபம் சொல்லிப் படுக்க வைக்கும்போது, எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிறதுபோல என்கிற இடம் வந்தால் அவள் குரல் நின்றுவிடும். மகள் தனியாகச் சொல்லி முடிப்பாள். சபையில் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் வரும்போது, வயிறு சரியில்லை என்று சொல்லி வெளியே போய் நிற்க ஆரம்பித்தாள். கடைசி பெஞ்சிலிருந்து கதவு பக்கம்தான், ஒருவரும் கவனிக்கவில்லை.

ஒரு மதியம் கடையில் கூட்டமில்லாத நேரம். மாமனார் பன்களை எண்ணெய்த்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"அன்னைக்கு அவர் குடிச்சிருக்கலைன்னு சபையில ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

சுற்றுகிற கை நிற்கவில்லை. "அதெல்லாம் முடிஞ்சு போச்சும்மா. எல்லாத்தையும் ஆண்டவர் கழுவிட்டாரு."

"உங்களைக் கழுவினாரு. அந்த அழுக்கு இப்ப அவர் மேல இருக்கு."

"நீயும்தானே மன்னிச்சேன்னு சொன்னே. கையைப் பிடிச்சுச் சொன்னே."

"சொன்னேன்."

"அப்புறம் என்ன? ஆண்டவரே மறந்துட்டாரு. நான் போய் அதைத் தோண்டி எடுத்து மேடையில வச்சா, அவர் மன்னிச்சது பத்தலைன்னு சொன்ன மாதிரி ஆகிடாதா? கிருபைக்கு அது அவமானம்மா."

இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விசுவாசத்துக்கு வந்து சில மாதங்களே ஆன மனிதர், முப்பது வருடப் பழுத்த விசுவாசிகளுக்கு மட்டுமே தெரிந்த ஒரு மறைவிடத்தைத் தானாகவே கண்டுபிடித்திருந்தார். வியாபாரி. சரக்கை எப்படிப் பயன்படுத்துவது என்பது கைக்கு வந்ததும் புரிந்துவிடும்.

மருமகள் போதகரிடம் போனாள். போதகர் சபை நடுவே நின்று, புதிதாக வாங்கிய சிவப்புக் கம்பளம் மேடை வரைக்கும் எட்டுமா என்று காலால் அளந்துகொண்டிருந்தார். வருகிற ஞாயிறு தலைமைச் சபையிலிருந்து 'பெரிய ஐயா' வருகிறார். முதலாளி மேடையில் சொல்லும் சாட்சியைக் கேட்கவே வருகிறார். போதகருக்குப் பெரிய சபை ஒன்றுக்கு மாற்றல் கிடைக்கும் என்று பேச்சு.

"ஐயா, நான் அன்னைக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கலாமா?"

"எதைம்மா?"

"மன்னிப்பை."

போதகர் கம்பளத்திலிருந்து இறங்கினார்.

"அவர் செத்துப்போவார்னு நீங்க சொன்னீங்க. அதனால சொன்னேன். சாகலை. சாமான் சரியில்லைன்னா கடைக்காரன் திருப்பி எடுத்துக்கிறான்ல."

"சாகப்போறவருக்கு ஒரு மன்னிப்பு, பிழைச்சவருக்கு ஒரு மன்னிப்புன்னு ரெண்டு கிடையாதும்மா" என்றார் போதகர். "உயிரோட இருக்கிற ஆளை மன்னிக்கிறதுதான் மன்னிப்பு. மத்தது அனுதாபம்."

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திகைத்தார். அவ்வளவு நல்ல வார்த்தையைப் பிரசங்கத்தில்கூட அவர் சொன்னதில்லை. எழுதி வைத்துக்கொள்ளலாமா என்று பேனாவைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினார்.

"அப்போ அவரை உண்மையைச் சொல்லச் சொல்லுங்க ஐயா. உங்க வாய் வார்த்தைன்னா கேப்பாரு."

"எந்த உண்மை?"

அவள் சொன்னாள். மூடி, அதிகாரி, சட்டை வாடை, எல்லாம். போதகர் கடைசி வரைக்கும் கேட்டார். மகனைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிய கையெழுத்து அவருடையது. முகத்தில் ஏதோ ஒன்று வந்தது, பிறகு போய்விட்டது.

"இந்த ஞாயிறு போகட்டும்மா" என்றார். "பெரிய ஐயா வந்துட்டுப் போகட்டும். அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து, ஜெபத்தோட, பொறுமையா..."

"அவரு வந்துட்டுப் போறதுக்கும் இதுக்கும் என்ன ஐயா?"

போதகர் கம்பளத்தின் ஓரத்தைக் குனிந்து சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

ஞாயிறு வந்தது. பெரிய ஐயாவும் வந்தார். பெரிய என்பது பதவிக்குச் சொல்வது. ஆள் சிறியவர், நாற்காலியில் கால் தரைக்கு எட்டவில்லை. மூத்த மகள் அப்பாவுக்குப் புது சூட் தைத்துப் போட்டிருந்தாள். மருமகள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். கணவன், "அப்பாவுக்கு மூச்சு வாங்கினா மாத்திரை எதுன்னு உனக்குத்தான் தெரியும்" என்றான். வந்து கதவோரம் உட்கார்ந்தாள்.

முதலாளி மேடையேறினார். நான் பெரிய பாவி என்றார். படுக்கையில் கிடந்ததை, தம்ளர் தண்ணீரை, வரிசையைச் சொன்னார். சபை அழுதது. பெரிய ஐயா கைக்குட்டையை எடுத்தார். அந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் போதகருக்கு மாற்றல் கிடைத்திருக்கும். ஆனால் சந்தோஷம் மனிதரைக் கொஞ்சம் கூடுதலாகப் பேச வைத்தது.

"என்னை எத்தனை பேர் மன்னிச்சாங்க. நான் மட்டும் மன்னிக்காம இருந்தா நியாயமா?" என்றார். "எனக்கு ஒரு மகன். குடிச்சிட்டு மெஷின்ல கையை விட்டான். என் கடைக்கும் குடும்பத்துக்கும் தலைகுனிவை உண்டாக்கினான். பெரிய ஐயா முன்னால சொல்றேன். அவனை இன்னைக்கு நான் முழு மனசா மன்னிக்கிறேன். வாப்பா. மேல வா."

சபை கைதட்டியது. எல்லாத் தலைகளும் பின்பக்கம் திரும்பின.

மருமகள் கைதட்டவில்லை. இவர் பொய் சொல்கிறார் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அதைவிடப் பயங்கரமாக ஒன்று தோன்றியது. பல வருடங்கள் சொல்லிச் சொல்லி, இப்போது அவரே நம்புகிறார். எழுந்து கத்த வேண்டும் என்று பெஞ்சைப் பிடித்தாள். அதற்குள் கணவன் எழுந்துவிட்டான்.

அவன் கம்பளத்தின் மேல் நடக்கவில்லை, ஓரமாக நடந்து போனான். வலது கை சட்டைப்பைக்குள் இருந்தது. மேடையில் அப்பாவின் கால்கள் நடுங்குவதை எல்லோருக்கும் முன்னால் அவன்தான் பார்த்தான். இவ்வளவு நேரம் நின்று பேசுகிற உடம்பில்லை அது. இடது கையால் அப்பாவின் முழங்கையைத் தாங்கிக்கொண்டான். போதகர் ஆர்வமாக மைக்கை அவன் வாய்ப்பக்கம் நீட்டினார்.

அவன் மைக்கைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

"ஆமா" என்றான். "குடிச்சிருந்தேன். தப்பு என்னோடதுதான். என்னை மன்னிச்சிடுங்கப்பா."

சபை எழுந்து நின்று துதித்தது. போதகர் கண்ணை மூடி இரண்டு கைகளையும் உயர்த்தினார். கீபோர்டு வாசிக்கிறவர் இதற்கென்றே ஒரு மெட்டு வைத்திருந்தார், அதை ஆரம்பித்தார்.

முதலாளி மட்டும் மகனையே பார்த்துக்கொண்டு நின்றார். மன்னித்தவரின் முகத்தில் இருக்க வேண்டிய களை அதில் இல்லை. தான் சொன்ன பொய்யை மகன் வாயாலேயே முதல் முறையாகக் கேட்கிறார். அதைச் சொன்னவன், அது பொய் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன். தெரிந்தும் அதைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டு, அப்பா விழாமல் இருக்க அவர் முழங்கையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"இல்லை" என்றார்.

மெட்டில் அது யாருக்கும் கேட்கவில்லை. மைக்கை இழுத்தார். "வாசிக்காதே தம்பி. இல்லை. அவன் குடிக்கலை."

கீபோர்டுக்காரர் போதகரைப் பார்த்தார். போதகர் கண்ணைத் திறக்காமலேயே, இன்னும் சத்தமாக என்று விரலால் காட்டினார். மெட்டு உயர்ந்தது. முதலாளியின் குரலும் உயர்ந்தது. பல மாதமாகக் காணாமல் போயிருந்த பழைய அனல் குரல்.

"மூடியைக் கழட்டினது நான். இந்தக் கையால கழட்டினேன். ஆர்டர் முடியணும்னு கழட்டினேன். இவன் வாயில ஒரு சொட்டு இல்லை. கடையை மூடிடுவாங்கன்னு நான்தான் கதை கட்டினேன். இப்ப எனக்காக இவன் பொய் சொல்றான். வேண்டாம்ப்பா. போதும்."

பெரிய ஐயா போதகர் பக்கம் சாய்ந்து, "என்ன சொல்றாரு?" என்றார்.

"சந்தோஷத்துல தழுதழுக்கிறாருங்க" என்றார் போதகர்.

அதற்குமேல் தழுதழுப்பு என்று சொல்ல முடியாதபடி முதலாளி எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அதிகாரியிடம் சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னார். மெட்டு பாதியில் நின்றது. கைதட்டல் இல்லை, துதி இல்லை. 'பெரிய பாவி' என்று பொதுவாகச் சொன்னபோது அழுத சபை, இன்ன பாவம் என்று சொன்னதும் கூச்சப்பட்டுக் குனிந்து செருப்பைத் தேடியது.

பெரிய ஐயா சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். அடுத்த வாரம் போதகர், நெடுநாள் படுக்கையில் கிடந்தவர்களுக்கு ஞாபகம் முன்னே பின்னே இருக்கும் என்று பிரசங்கத்தில் ஒரு வரி சேர்த்தார். வெளிச்சபை அழைப்புகள் நின்றுபோயின. மூத்த மகள் கடைக்கே வந்து, "இத்தனை வயசுக்கு மேல இது தேவையாப்பா? ஆண்டவர்கிட்ட தனியா சொன்னா அவருக்குக் காது கேக்காதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மகனைப் பாட்டுக் குழுவில் திரும்பச் சேர்ப்பது பற்றிச் சபைக் குழு கூடியது. ஒரு உறுப்பினர், குடிக்காதவன் குடித்தேன் என்று மேடையில் பொய் சொன்னதற்கு ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டாமா என்று கேள்வி எழுப்பினார். அது இன்னும் ஆலோசனையில் இருக்கிறது.

அந்த ஞாயிறு வீட்டுக்கு நடந்து வரும்போதே மருமகள் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அப்படிச் சொன்னீங்க? உங்களுக்கு மூளை இருக்கா?"

"அப்பா நடுங்கிட்டு நின்னாரு."

"நடுங்கினா? பிடிச்சுக்கிட்டீங்கல்ல, அதோட விட வேண்டியதுதானே? நம்ம பொண்ணும் அங்க உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தா."

அவன் ஓரமாக ஒதுங்கி ஒரு வண்டிக்கு வழிவிட்டான். "எனக்கும் யோசிச்சுச் சொன்ன மாதிரி இல்லை" என்றான். "அவருக்கு எல்லாரும் எதையோ கொடுத்துட்டாங்க. என்கிட்ட வேற என்ன இருக்குன்னு தெரியலை."

"அவர் உண்மையைச் சொல்லாம இருந்திருந்தா?"

"இருந்திருந்தா இருந்திருக்கும்."

அவளுக்கு அவன்மேல் வந்த கோபத்தில் செருப்பு வார் அறுந்தது. அந்தக் கோபம் எதற்கு என்று அவளுக்கே பிடிபடவில்லை. அவள் கேட்டதெல்லாம் நடந்துவிட்டது. ஒரு வார்த்தை கேட்டாள். மாமனார் சபை நடுவில் நூறு வார்த்தை சொல்லிவிட்டார். கணவன் பெயர் சுத்தமாகிவிட்டது, குழுவின் ஆலோசனையைத் தவிர. இனி மன்னிக்காமல் இருக்க அவளிடம் காரணமே இல்லை. காரணமில்லாமல் போனபிறகும் அது நெஞ்சில் கல் மாதிரி அப்படியே கிடந்தது. காரணம் இருந்தபோதாவது அதற்கு ஒரு மரியாதை இருந்தது.

மறுநாள் காலை சமையலறையில் அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். மாமனார் வாசல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். சவரம் செய்யவில்லை. பாட்டு இல்லை.

"அம்மா" என்றார். "அன்னைக்கு வரிசையில நீ சொன்னே. அது செல்லாது. நான் எதுக்குன்னு சொல்லாமலே வாங்கிக்கிட்டேன். இப்ப எதுக்குன்னு தெரிஞ்சு கேக்கிறேன். மூடிக்கு. அந்தப் பொய்க்கு. நேத்து மறுபடி மேடையில சொன்னேனே, அதுக்கும்."

அவள் அடுப்பைத் தணித்தாள். திரும்பாமலேயே நின்றாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். போதகர் இருந்திருந்தால் தொண்டையைச் செருமியிருப்பார்.

"ஆண்டவர் உங்களை மன்னிச்சிட்டாரா மாமா?"

"மன்னிச்சிட்டாரு. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. முதல்லயே மன்னிச்சிட்டாரு. நான்தான்..." சட்டத்தை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டார். "அவரு மன்னிச்ச ஆள் மாதிரி நான் நடக்கலை."

"அவரால முடியுது" என்றாள். "எனக்கு முடியலை. பொய்யா சொல்ல வேண்டாம்னு பாக்கிறேன். ஒரு தடவை சொல்லிப் பாத்தாச்சு."

"சரிம்மா."

"அன்னைக்கு நீங்க செத்துக்கிட்டு இருந்தீங்க. சுலபமா இருந்துச்சு. இப்ப நீங்க தினமும் எதிர்லயே நிக்கிறீங்க."

"நிக்கிறேன்" என்று ஒப்புக்கொண்டார்.

பால் பொங்கி வந்தது. அணைத்து, தேநீர் கலந்து, அவர் கையில் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கு வந்து கேக்கட்டுமா?"

"கேளுங்க. பதில் இதேதான் இருக்கும்னு நினைக்கிறேன்."

"பரவாயில்லை."

மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஒவ்வொரு நாளும் எதற்கென்று சொல்லியே கேட்டார். ஒருநாள் அவள், இன்னைக்கு இல்லை மாமா என்றாள். ஒருநாள் தேநீரை மட்டும் நீட்டினாள். இன்னொருநாள் அழுகை வந்து, போங்க மாமா இங்கேயிருந்து என்றாள், போனார். அடுத்த நாள் மூச்சு வாங்க வாங்க வந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. அவள் அவசரமாக முக்காலியை இழுத்துப் போட்டு, மாத்திரையை எடுத்து வாயில் வைத்தாள். அவர் விழுங்கும்வரை தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் போய்விட்டால் மறுபடி அந்தச் சுலபமான மன்னிப்பையே சொல்லிவிட்டு நிற்க வேண்டியிருக்கும். அது அவளுக்கு வேண்டாமென்றிருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு திரும்பியது. அவர் வாயைத் திறந்தார்.

"இன்னைக்கும் முடியலை மாமா" என்றாள் அவர் கேட்பதற்கு முன்பாகவே. "நாளைக்கு வாங்க. இருந்தா."

அவர் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார்.

"இருப்பேன் போலத்தான் தெரியுது" என்றார், அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிற குரலில்.